பேட்ச் 417

குடிகாடு தாண்டி, சிப்காட் உள்சாலை முடியும் இடத்தில்
பச்சை செய்கிறோம் நாங்கள்.
பிளாஸ்டிக் குடத்துக்கு, தார்ப்பாய்க்கு,
சிவகாசிக் காலண்டர் மைக்கு.
பதினெட்டு மணிநேரம் வெந்து, வடிந்து, உலர்ந்து
மூட்டையாவதற்குள்
அமலோற்பவத்தின் நகக்கண்ணில் ஏறிவிடும்.
ஞாயிற்றுக்கிழமை நண்டு உடைக்கும்போதும் போகாது.

417 இன்று திரும்பி வந்துவிட்டது.
'நீலம் சற்றுத் தூக்கல்.' ஒரே வரி.
மறுசோதனை என் தலையில், இரவு ஷிப்ட்டில்.

இரண்டு மணிக்கு டீ குடிக்கப் போனவன்
கேட் ஓரத்துப் பாதாம் மரத்தில் ஓர் இலை பறித்தேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
கல்வத்தில் போட்டு
தீயணைப்பு வாளியிலிருந்து ஒரு சிட்டிகை மணல்,
கொஞ்சம் அசிட்டோன். அரைத்தேன்.
வடிதாள் கீற்றில் பொட்டு வைத்து
நுனியை நனைத்து நிறுத்தினேன்.

ஈரம் ஏற ஏற
ஒரு பச்சை நான்கானது.
முந்திக்கொண்டு உச்சிக்குப் போனது
பண்ருட்டிப் பலாச்சுளை நிறம்.
அதன்கீழ் எலுமிச்சை மஞ்சள், பிறகு நீலப்பச்சை,
அடியில், நகர மனமில்லாத மஞ்சள்பச்சை.
இத்தனை நாளும் சுளை நிறம் உள்ளேதான் இருந்திருக்கிறது,
வாயே திறக்காமல்.

வெயிலில் சிவப்பையும் நீலத்தையும் உண்டுவிட்டு
இலை வேண்டாமென்று தள்ளிய மிச்சம்தான் பச்சை.
அதுவும் திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு.
ஆனால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று
பேர் வாங்கிவிட்டது.

மீந்த சாற்றைப் புறஊதா விளக்கடியில் வைத்தேன்.
பச்சையைக் காணோம்.
குப்பி முழுக்க ரத்தச் சிவப்பு.

அமலோற்பவம் எட்டிப் பார்த்தாள்.
"என்னப்பா, கைய வெட்டிக்கிட்டியா?"

இல்லக்கா.
இலைக்குள்ள இருந்தப்போ வாங்குன வெளிச்சத்த
அடுத்த கைக்குக் கொடுக்கும், அது அடுத்ததுக்கு,
செங்கல் மாத்துற மாதிரி.
கடைசியில எங்கயோ சர்க்கரையாகும்.
பிச்சு எடுத்துட்டோம்.
இப்பவும் வாங்குது, கொடுக்கத்தான் ஆளில்ல.
அதான் இப்படிச் செவக்குது.

அவள் குப்பியையே பார்த்தாள்.
"லே-ஆஃப் விட்ட நாப்பத்தஞ்சு நாளும்
எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் இருந்தாரு."
முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு
உலர்த்திப் பக்கம் போனாள்.

நான் அறிக்கை எழுதினேன்:
417, நீலம் தூக்கல்தான். புகார் சரி.

ஆறு மணிக்குக் கடல் பக்கத்து ஜன்னலில் வெளிச்சம்.
கீற்றில் பச்சை வெளிறத் தொடங்கியிருந்தது.
சங்கு ஊத இன்னும் நேரமிருக்கிறது.
கேட் ஓரத்து மரம், ஓர் இலை குறைவாக,
பகல் ஷிப்ட்டுக்கு ஏறிவிட்டது.