விதிகள் பக்கம்

டாவன்போர்ட்டில் ஜனவரி. ஆறு உறைந்து கிடக்கிறது.
வீட்டின் அடித்தளத்தில் ஹீட்டர் இருமுகிறது.
நான் 1927ஐக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு ஊர், ஆறு அணி,
அணிக்கு நூற்றிருபது ஆட்டம்.
நூலகத்து மைக்ரோஃபிலிமின் முன்னால்
இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து பொறுக்கிய எண்கள்.
பகலில் நான் பொய்ப்பல் செய்பவள்.
இல்லாததற்கு அளவெடுப்பது
எனக்குப் புதிதல்ல.

யார் எத்தனை பேஸ் திருடினான் என்று இருக்கிறது.
திருடப் போய் அகப்பட்டவன் கணக்கை
அந்த ஆண்டு ஒருவரும் எழுதிவைக்கவில்லை.
மென்பொருளுக்கோ வெற்றுக் கட்டம் ஆகாது.
மூன்றுக்கு ஒன்று என்று போட்டேன்.
ஒரே இரவில் நூற்று நாற்பது பேர்
தொண்ணூறு ஆண்டு தப்பித்திருந்தவர்கள்
என் கையால் பிடிபட்டார்கள்.

அப்புறம்தான் அந்தப் பக்கம்.
தலைப்பு: விதிகள்.

அணி மாற்றங்கள்: நடந்தபடியா, மேலாளர் விருப்பமா?
மழை: நடந்தபடியா, தற்செயலா?
வீரர் கிடைப்பது: நடந்தபடியா, தற்செயலா?

ஆல்வா ஸ்ட்ரங்க். மஸ்கட்டைன் அணி.
இடதுகைப் பிட்சர், வயது இருபத்து மூன்று.
ஆகஸ்ட் எட்டு வரை
பதினான்கு வெற்றி, மூன்று தோல்வி.
ஒன்பதாம் தேதி ஆட்டமில்லை.
புழுக்கம். ஆற்றுக்குக் குளிக்கப் போனான்.
பத்தாம் தேதி ஸ்கோரில்
அவன் வரிசையில் வேறொரு பெயர்.
பேப்பர்காரன் எழுத்துப்பிழையோடு அச்சடித்திருந்தான்,
அவசரம் போல.

'நடந்தபடி' என்று தொட்டால்
அவனை மறுபடி நான்தான் ஆற்றில் இறக்கவேண்டும்.

ஆறு பேரும் போனில் கூடினோம்.
ட்ரக் ஓட்டுகிற ஓரின் ஷ்மிட்கே
ஏதோ பெட்ரோல் பங்க்கிலிருந்து கத்தினான்:
"அந்த வருஷம் கோப்பை என் அணிக்கு.
அவன் செத்ததால்தான் கிடைத்தது. விட்டுவிடு."
அடுத்த நொடி, "நான் சொன்னது தப்பாகக் கேட்கிறது" என்றான்.
ஆனால் ஓட்டை மாற்றவில்லை.

மஸ்கட்டைன், மார்லிஸ் டாஃப்டின் அணி.
தபால் பிரிக்கிறவள், எதையும் தவறிய முகவரிக்கு அனுப்பாதவள்.
"என் பையன்தான்" என்றாள்.
"இருந்தாலும் நடந்தது நடந்ததுதான்.
இரக்கம் பார்த்து ஆடினால் அது வேறு விளையாட்டு."

மூன்றுக்கு மூன்று.
சமனானால் லீக் தலைவி சொல்வதே விதி என்று
போன வருஷம், சிரித்துக்கொண்டே,
நாங்களே எழுதிவைத்திருந்தோம்.

தற்செயல், என்று தொட்டேன்.

ஏப்ரல், மே, ஜூன் ஒரே வாரத்தில் ஓடின.
ஜூலையைப் பல் வேலைக்கு நடுவே பார்த்தேன்.
எண்ணிக்கை அப்படியே அமைந்தது எப்படியென்று தெரியாது:
ஆகஸ்ட் எட்டில் அவன் பதினான்குக்கு மூன்று.
ஒன்பதாம் தேதியைத் திரை
கண் சிமிட்டாமல் கடந்தது.

பத்தாம் தேதியை மட்டும்
பந்து பந்தாக ஓடவிட்டேன்.

இரண்டாவது இன்னிங்ஸில் ஏழு ஓட்டம் கொடுத்தான்.
பதினைந்தாம் தேதி தோற்றான்.
இருபது. இருபத்தைந்து.
முப்பதாம் தேதி நான்கு பேரை வரிசையாக
சும்மா நடக்கவிட்டான்.
பிழைக்கவைத்தேனே தவிர
பிழைப்பைத் தர என்னால் முடியவில்லை.

செப்டம்பரில் மார்லிஸை அழைத்தேன்.
உன் மேலாளர் பட்டியலில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்,
அவனை பெஞ்சில் உட்காரவைக்கலாமே.
அந்தப் பக்கம் கடிதங்கள் விழும் சத்தம்.
"மாட்டேன்" என்றாள்.
"சும்மா இருந்தால் குளிக்கப் போய்விடுவான்."

ஐந்து நாளுக்கு ஒருமுறை, தவறாமல்,
மேட்டில் ஏற்றினாள். எட்டு முறை. எட்டும் தோல்வி.

பதினான்கு, பதினொன்று. மஸ்கட்டைன் ஐந்தாம் இடம்.
கோப்பை ஓரினுக்குத்தான், மறுபடி.
அவன் கொண்டாடவில்லை என்று கேள்வி.

1928ஐத் திறக்கவா என்று கேட்கிறது திரை.
அந்த ஆண்டில் ஸ்ட்ரங்குக்கு
ஓர் எண்கூடக் கிடையாது.
எதை எடுத்தாலும் நான் போடுவதுதான்.

பல் கட்டுமுன்
ஈறு ஆறவேண்டும் என்பது எங்கள் தொழில்.
இன்னும் திறக்கவில்லை.
வெளியே பனிக்கட்டி எங்கோ ஓரிடத்தில்
விரிசல் விடுகிற சத்தம்.