பத்துக்கு ஏழு

மேனர் என்றால் என்ன, விளக்குக.
பத்து மதிப்பெண்.
வெருலம், ஆறாம் ஸ்டாண்டர்ட்,
அரவை தொடங்கிய ஜூன்.
கரும்பு எரித்த சாம்பல் ஜன்னல் வழியே வந்து
விடைத்தாளில் உட்கார்ந்தது.
துடைத்தால் கறை.
துடைக்காமல் எழுதினேன்.

பாடப்புத்தகம் என்னிடம் இல்லை.
அக்காள் கல்யாணத்தில் யாரோ அதை
அண்டாவுக்கு முட்டுக் கொடுத்தார்கள்,
பிறகு காணோம்.
அதனால் தெரிந்ததை எழுதினேன்:

மேட்டில் ஒரு வெள்ளை வீடு.
அங்கிருந்து பார்த்தால் எல்லாரும் தெரிவார்கள்.
கீழே ஒரே கூரை, பன்னிரண்டு கதவு.
வாரத்தில் ஆறு நாள் பிரபுவுக்கு.
ஆலை அவருடையது, கடை அவருடையது,
கடையில் எழுதிய கடன் மட்டும் நம்முடையது.
வேறு பண்ணைக்குப் போகச் சீட்டு வேண்டும்.
பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால்
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
ஆபீஸ் படியில் இரண்டாவது கல்லில் நிற்க வேண்டும்,
மூன்றாவதில் அல்ல.

பத்தர் வாத்தியார் ஏழு போட்டார்.
இரண்டாவது கல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு,
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
கடைசியில்: ஹெரியட் விடுபட்டது.

வகுப்பில் விளக்கினார்.
குடியானவன் செத்தால்
அவன் தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாடு
பிரபுவுக்கு.
சாவுக்கும் வரியா என்று வகுப்பே சிரித்தது.
நானும்தான்.

பொமராய் துரையின் சுவரில்
முன்னங்கால் தூக்கிய சிங்கம் ஒன்று உண்டு, கேடயத்தில்.
வில்லியம் ராஜாவோடு கப்பலேறி வந்த வம்சம் என்று
சம்பள நாளில் யாரிடமோ சொன்னாராம்.
அப்பா கால் கழுவிக்கொண்டே சொன்னார்:
"நாமும் கப்பல்தான்."

அந்த ராஜா நாட்டையே எண்ணி எழுதிவைத்தானாம்.
ஏர் இத்தனை, எருது இத்தனை,
ஆள் இத்தனை, பெயர் கிடையாது.
எங்கள் முப்பாட்டனுக்கு
நம்பராவது கொடுத்தார்கள்.

மூன்று வருஷம் போயிற்று. அதே ஜூன்.
அப்பாவை எரித்த மூன்றாம் நாள் கிளார்க் வந்தார்.
நல்ல மனிதர், செருப்பை வெளியே விட்டார்.
பாய்லருக்குப் புது ஆள் வருகிறான்,
முப்பதாம் தேதிக்குள் அறை வேண்டும்.
கடைக்கணக்கு பதினோரு பவுன்.
அம்மா பேசவில்லை,
கறந்த பால் கையில் ஆறிக்கொண்டிருந்தது.
அவர் நோட்டில் எழுதினார்:
மாடு ஒன்று, சிவப்பு.

செவலை என்று திருத்தச் சொல்லலாமா என்று பார்த்தேன்.
முடிச்சை அவிழ்க்க அவருக்கு வரவில்லை.
நான் போட்ட முடிச்சு,
நான்தான் அவிழ்த்தேன்.
மேடு ஏறும்வரை அது திரும்பிப் பார்க்கவில்லை.
எங்கே பார்க்கும்,
வழியெல்லாம் பச்சைத் தோகை.

பத்தர் வாத்தியாரைப் பின்னால் ஒருமுறை
டர்பன் பஸ்ஸில் பார்த்தேன்.
மிச்சம் மூன்று மார்க்கைக் கேட்டுவிடலாம் என்று
வாய்வரை வந்தது.
அதற்குள் டிக்கெட் என்று
கண்டக்டர் கையை நீட்டினான்.