கண்ணாடியில் விரல் படாமல்

கரடியனாறு தாண்டி இடது லைட் செத்தது.
சத்தம் இல்லை. பாதையின் பாதி என்னிடம் இருந்தது,
மற்றப் பாதியில் காடு ஏறி நின்றுகொண்டது.

பின்னால் நூற்றிப்பத்துத் தயிர் முட்டி,
வைக்கோலுக்குள் ஒன்றோடொன்று தோள் சாய்த்து.
மகாஓயா முதலாளி மணிக்கூடு பார்க்க மாட்டார்,
மூடியைத் தூக்கி மோந்து பார்ப்பார்.
வெயில் எங்களுக்கு முதல் போய்ச் சேர்ந்தால்
அன்றைக்கு டீசல் காசும் தேறாது.

வலது பல்பு போன மாசம் மாற்றினது.
அப்போதே ஏறாவூர்க் கடையில் முஸ்தகீம் சொன்னார்:
'ரெண்டையும் மாத்துங்க புள்ள,
ஒரே நாளில எரியத் தொடங்கினதுகள்.'
எரிகிறதை ஏன் கழற்ற வேணும் என்று கேட்டேன்.
அவர் வாதாடவில்லை. இரண்டு பெட்டியைச் சுற்றித் தந்தார்,
இரண்டுக்கும் காசு எடுத்தார்.
மற்றது டாஷ்போர்டுக்குள்
இன்சூரன்ஸ் கடதாசிக்கும் பனடோல் அட்டைக்கும் இடையில்
இந்த இரவுக்காகப் படுத்திருந்தது.

போனட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தேன்.
மச்சாள் ரஜிதா போனின் ரோச்சைப் பிடித்தாள்,
எஞ்சினுக்கு இல்லை, காட்டுக்கு.
'இங்க பிடி.'
'அங்க பாக்கிறது ஆரு?'
இரவில் இங்கே அவர் பெயரைச் சொல்லமாட்டோம்.
பாதையோரம் கிடந்த லத்தியில் ஆவி பறந்தது.
நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

பற்றரி இருப்பதும் இடது பக்கம்தான்.
ஆருடைய கை நுழையும் என்று நினைத்துச் செய்தானோ,
புறங்கைத் தோலைக் கொடுத்துத்தான் உள்ளே போனேன்.
மூன்று கால் பிளக்.
ஆட்டி ஆட்டி இழுக்க வேணும், பால்பல் போல.
பிறகு ரப்பர் தொப்பி.
பிறகு அந்தக் கம்பிக் கொக்கி,
எந்தப் பக்கம் தெறிக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது.

பழையது கையோடு வந்தது. இன்னும் சூடு.
வயிற்றுக்குள் கறுப்பு.

புதியதில் விரல் படக்கூடாது.
பட்ட இடத்தில் எண்ணெய் வேகும், கண்ணாடி வெடிக்கும்.
என் பத்து விரலிலும் எருமைப் பாலின் நெய்,
சவர்க்காரத்துக்கும் போகாத நெய்.
ஒரு காலம் இதே றோட்டில்
வெளி லைட்டை அணை, உள் லைட்டைப் போடு என்பார்கள்.
அவர்களுக்கு எங்கள் முகம் தெரியும்,
எங்களுக்கு அவர்களின் சப்பாத்துச் சத்தம்.
எத்தனை தாளில் பெருவிரல் வைத்திருப்பேன்.
உன் ரேகை எனக்கு வேண்டாம் என்று சொன்னது
இந்தச் சின்னக் கண்ணாடி ஒன்றுதான்.

சோல் நுனியால் அதன் தகரக் கழுத்தைப் பிடித்து
இருட்டுக்குள் தடவினேன்.
மூன்று காதும் ஒரே ஒரு விதமாகத்தான் பொருந்தும்.
முதல்தரம் இல்லை.
இரண்டாந்தரமும் இல்லை.
உள்ளே எங்கேயோ ஒரு கொப்பு முறிந்தது.
ரஜிதாவின் மூச்சுச் சத்தம் நின்றது.
மூன்றாந்தரம் போய் உட்கார்ந்தது,
கொக்கியும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது.

சுவிச்சைப் போட்டேன். பாதை முழுதாக வந்தது,
வலது கொஞ்சம் மஞ்சள், இடது வெள்ளை.
இடது சற்று மேலே பார்க்கிறது,
பாலை மரத்தின் முதல் கொப்பை.
அதை மகாஓயாவில் திருத்தலாம்.

'சரி, அணை,' என்றேன்.
'மறுகா,' என்றாள் ரஜிதா, ஏறி இருந்து,
கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி.

நூற்றில் நாலு பங்கு சார்ஜ்.
புல்லுமலை வரைக்கும் அவள் அணைக்கவே இல்லை.