தற்போதைய முகவரி

காட்பாடியில் இறங்கிய காலை
ஆட்டோக்காரர் என்னோடு இந்தியில் பேசினார்,
பிறகு கொஞ்சம் வங்காளத்தில்.
பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேணும் என்றேன்.
"அட, கேரளாவா?"
தமிழ்தான் அண்ணை.
கண்ணாடியில் ஒருதரம் என்னைப் பார்த்தார்.
"இன்னாமா, தமிழையே இப்டிப் பேசற"
என்று சொல்லி
இருபது ரூபாய் கூடவே வாங்கிக்கொண்டார்.

வீடு கிடைக்கப் பதினொரு நாள்.
தனி ஆள், பொம்பளை, வெளிநாடு:
மூன்றில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு வா என்பதுபோல
கதவுகள் பாதியில் நின்றன.
ஓட்டேரியில் முனிரத்தினம் மட்டும்
மாடி அறையைத் திறந்து காட்டினார்.
மின்வாரியத்தில் கணக்கெழுதி ஓய்ந்த கை
சுவரில் எல்லா சுவிட்சையும் ஒருமுறை போட்டு அணைத்தது.
"மீன் ஆக்குவியா?"
ஓம், ஆக்குவன்.
"அப்ப ஞாயித்துக்கிழம ஆக்கு. நாங்களும் அன்னிக்குத்தான்."

பதிவு அலுவலகத்தில்
நிரந்தர முகவரிக்கு மூன்று கோடு விட்டிருந்தார்கள்,
தற்போதைய முகவரிக்கு ஒன்று.
சுகிர்தமலர், மட்டக்களப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.
கான்ஸ்டபிள் நல்ல மனிதர்.
குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், "முகாமா?"
இல்லை சேர், வேலை.
முத்திரை விழுந்த வேகத்தில்
மேசையில் இருந்த தண்ணீர் க்ளாஸ் நடுங்கியது.

இரத்த வங்கியில் இரவு வேலை.
அகர்தலாவிலிருந்து வந்தவருக்கு
ஆம்பூர்ப் பையன் கொடுத்த பி நெகட்டிவ்.
லேபிள் ஒட்டி, இரண்டுதரம் சரிபார்த்து,
நாலு டிகிரியில் வைப்பேன்.
வெளியே நாற்பத்திரண்டு.
சுற்றி நிற்கும் மொட்டை மலைகள்
பகல் முழுக்க வாங்கிய சூட்டை
இரவில்தான் திருப்பிக் கொடுக்கும்.

விடியலில் தேத்தண்ணி கேட்டேன், பாலில்லாமல்.
"கட்டஞ்சாயா ஒண்ணு!" என்று உள்ளே கத்தினான் பையன்.
இப்போது அந்தக் கடையில் அதுதான் என் பெயர்.

கத்தரிக்காய் விரலில் குத்தியது.
"காம்பப் புடிக்காத, முள்ளு. காயப் புடி" என்றாள் கடைக்காரி.
தெரியாமல் போச்சு என்றேன்.
"தெரியாதவங்கதான் இங்க நெறைய" என்று
நாலு காய் சேர்த்துப் போட்டாள்.

ஒருவர் பாக்கியில்லை, எல்லாரும் சொல்லிவிட்டார்கள்:
"உங்க ஊரு ராஜா சமாதி பாலாத்தாண்ட கீது, பாத்தியா?"
கண்டி எங்கட ஊர் இல்லை,
பஸ்ஸில் ஐந்து மணி நேரம் என்பேன்.
கேட்டவருக்கு அது ஒரு தூரமே இல்லை.
நான் இன்னும் போகவில்லை.
திரும்பும் டிக்கெட் இல்லாமல் வந்தவரை
என்னவென்று போய்ப் பார்ப்பது.

ஐப்பசியில் ஒரு நடுச்சாமம்
கதவு தட்டும் சத்தம்.
நான் வளர்ந்த காலத்தில்
அந்த நேரத்துக் கதவை ஒருவரும் உடனே திறக்கமாட்டார்கள்.
விளக்கைப் போடாமல், சங்கிலியை எடுக்காமல்,
ஆர்? என்றேன்.
"தண்ணி வந்துக்கினு கீதும்மா! பாலாத்துல!
சீக்கிரம் வா, ஸ்கூட்டர்ல ஏறு!"
அவர் மனைவி ஏற்கெனவே பின்சீட்டில்,
தலையில் துண்டோடு.
நடுவில் என்னை நெருக்கி உட்காரவைத்தார்கள்.

பாலத்தில் ஊரே நின்றது.
வாவிக் கரையில் பிறந்தவள் நான்,
தண்ணீரைப் பார்க்கச் சனம் இப்படிக் கூடி
ஒருநாளும் கண்டதில்லை.
யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். மழை அணைத்தது.
போன் வெளிச்சத்தில்
செம்மண் நிறத்தில் ஓடியது
அத்தனை பேருக்கும் புதிதான அவர்களுடைய ஆறு.

தோளில் இருந்த பிள்ளை கேட்டது,
"எங்கருந்துபா வருது?"
"தோ, மேல. கர்நாடகாவோ இன்னாவோ."
"இங்கியே இருக்குமா?"
அவன் காதில் அது விழவில்லை.

பக்கத்தில் நின்ற பெண்
என் முகத்தைக்கூடப் பார்க்காமல்
"இத்தக் கொஞ்சம் புடிம்மா" என்று
கைப்பையைத் தந்துவிட்டுக்
கம்பியில் ஏறி எட்டிப் பார்த்தாள்.

நெடுநேரம் வைத்திருந்தேன்.
நல்ல கனம்.
உள்ளே சாவிகள் போல ஏதோ குலுங்கியது.