இங்கே வளராத மரம்

ஜன்னலுக்கு வெளியே ஜகரண்டா பூத்திருந்தது
என்று எழுதியிருந்தாள் யாஸ்னா.
முதல் இரவுப் பணி, முதல் மரணம்,
இரண்டு பக்கத்துக்கு மிகாமல், வெள்ளிக்கிழமைக்குள்.
அவர் கையைப் பற்றியிருந்தேன்,
ஊதாப்பூ ஒன்று உதிர்ந்தது,
அவரும் உதிர்ந்தார்.

புந்தா அரேனாஸில் ஜகரண்டா கிடையாது.
காற்று மிகுந்த நாளில் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்க.
இருக்கிற மரங்களும் ஒரே பக்கம் சாய்ந்து
யாருக்கோ வழிவிட்டபடி நிற்கும்.
மென்பொருள் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.
மரமே காட்டிக்கொடுத்துவிட்டது.

இதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, மூன்று கட்டங்களோடு:
எச்சரிக்கை, பூஜ்யம், நீக்கம்.
காரணம் எழுத இரண்டு வரி.
மருந்தியல் எடுக்கும் பாமோந்தே சொன்னார்:
"இன்றைக்குப் பத்தியைத் திருடுகிறவள்
நாளைக்கு ரத்த அழுத்தத்தைப் பார்க்காமலே எழுதிவைப்பாள்."
அதில் பொய்யில்லை. இன்னும்
அந்த வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை என்னால்.
நூலகத்து மிலென்கா சொன்னாள்:
"விட்டுவிடேன், பகலெல்லாம் நண்டு ஆலையில் நிற்கிற பெண்."
அதிலும் பொய்யில்லை.

செவ்வாய் நான்கு மணிக்கு வந்தாள்.
விரல்களில் நண்டு ஓட்டின் கீறல்கள்.
தாளை அவள் பக்கம் திருப்பி
மரத்தின் மேல் பென்சிலை வைத்தேன்.
"இதை எங்கே பார்த்தாய்?"
ஒரு பொய்க்குப் போதுமான நேரம் இருந்தது.
அவள் எடுத்துக்கொள்ளவில்லை.
"அவர் போனபோது நான் இல்லை, டீச்சர்.
கீழே ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.
திரும்பி வந்தால் விரிப்பை மாற்றிவிட்டார்கள்.
இதில் எதை எழுத?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்,
பிறகு கெட்டிலைப் போட்டேன்.

அன்றிரவு, விதி என்ன சொல்கிறதென்று பார்க்க
என் பாடத்திட்டத்தைப் புரட்டினேன். ஏழாம் பக்கம்.
"பிறர் எழுத்தைத் தமதாகக் காட்டுவோர்
வால்பரைசோ வளாகத்தின் ஒழுங்குக் குழுமுன்..."
வால்பரைசோ.
எங்களுக்கு அங்கே வளாகமே இல்லை.
ஆறு வருடமாக ஒவ்வொரு மார்ச்சிலும்
அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன்.
ஒருத்தியும் கேட்டதில்லை. நானும் படித்ததில்லை.

சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

ஆகவே அவளை மன்னித்தேன் என்று முடித்தால்
அழகாக இருக்கும். நடந்தது அதுவல்ல.
நடுக்கட்டத்தில் குறி இட்டேன்.
காரணம்: ஜகரண்டா.
இரண்டாம் வரியில்: மறுபடி எழுத ஒன்பது நாள்,
ரொட்டியிலிருந்து தொடங்கவும்.
இந்த மாதம் முழுக்க ரத்த அழுத்த அட்டையை
அவளோடு நின்று சரிபார்க்கும்படி
பாமோந்தேயிடம் கேட்டேன்.
முனகிக்கொண்டே சரி என்றார்.
ஏழாம் பக்கத்தை அழித்துவிட்டு
என் வார்த்தையில் எழுத உட்கார்ந்தேன்.
நாலு வரிக்கு இரண்டு மணி நேரம்.
நடுவில் இரண்டு முறை
வேறு கல்லூரியினுடையதைத் திறந்து பார்த்தேன், மூடினேன்.

அவளுடையது பதினோராம் நாள் வந்தது.
அரைப் பக்கம். மூன்று எழுத்துப்பிழை.
"ரொட்டி காய்ந்திருந்தது. வெண்ணெய் இல்லை.
மேலே மணி அடித்தது. எங்கள் வார்டு என்று தெரிந்தது.
கடைசித் துண்டை விழுங்கிவிட்டுத்தான் எழுந்தேன்."

தாமதத்துக்கு அரை மதிப்பெண் குறைத்தேன்.
பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்,
மேஜையில் இத்தனை தாள் இருக்க
காற்று அதையே புரட்டிக்கொண்டிருந்தது.