இரண்டு உப்பு, ஒரு சர்க்கரை

ராயக்கோட்டை ஆரம்ப சுகாதார நிலையம், இரவு ஒன்றேகால்.
தக்காளி மண்டியிலிருந்து டெம்போவில் கொண்டுவந்தார்கள்
லோடுமேன் முனிரத்தினத்தை.
காலையிலிருந்து பதினாறு முறை.
கண் குழிந்துவிட்டது.
தோலைக் கிள்ளி விட்டேன்,
மடிப்பு இறங்க யோசித்தது.

"தண்ணிதானே சிஸ்டர் போவுது,
ரெண்டு சொம்பு குடிச்சா ஆவாதா?"
கூட வந்தவன் கேட்டான்.

குடித்திருக்கிறான். நிற்கவில்லை.
குடலில் ஒவ்வொரு செல்லுக்கும் சவ்வுதான் சுவர்.
பத்தாயிரம் சவ்வை அடுக்கினாலும்
ஓ.பி. சீட்டின் கனம் தாண்டாது.
கொழுப்பு இரண்டு வரிசை, வாலோடு வால்;
தலைகள் தண்ணீரைப் பார்த்தபடி,
வால்களுக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது.
சுவர் என்றேனே, தப்பு.
எண்ணெய்போல் நகர்ந்துகொண்டிருக்கும்,
அதில் கதவுகள் மிதக்கும்,
நிலை இல்லாத கதவுகள்.

கிருமி அதில் ஒன்றைத் திறந்துபோட்டுப் போயிருக்கிறது.
உப்பு வெளியே ஓடுகிறது.
தண்ணீருக்கு ஏது சொந்தப் புத்தி,
உப்பு போன வழியே போகும்.

இன்னொரு கதவு இருக்கிறது,
கிருமி கை வைக்காதது.
சர்க்கரை தனியே வந்தால் திறக்காது.
உப்பு தனியே வந்தாலும் அப்படித்தான்.
இரண்டு சோடியம், ஒரு சர்க்கரை
ஜோடி போட்டு வந்தால் மட்டும்
உள்ளே விடும்.
தண்ணீர் பின்னாலேயே வந்துவிடும்.

கத்தரிக்கோலைக் காணோம்.
ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன்,
ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர்.
ஸ்பூன் ஸ்பூனாக.
மூன்றாவது டம்ளரில் வாந்தி எடுத்தான்.
பத்து நிமிடம் விட்டு மறுபடி.

நண்பன் விலை சொல்லிக்கொண்டிருந்தான்:
கிலோ நாலு ரூபாய், பறிகூலிக்கே காணாது,
நேற்று ஒரு லாரி ஏரிக்கரையில் கொட்டினார்கள்.
கேட்டுக்கொண்டே நான் அந்தப் பம்பை நினைத்தேன்.
செல்லின் மறுபக்கச் சவ்வில் நின்று
மூன்று சோடியத்தை வெளியே தள்ளி
இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து
இரவும் பகலும்.
முனிரத்தினம் பார்க்கும் வேலைதான் அது,
கிரேடு ஏற்றுவதும் இறக்குவதும்.
அதற்கும் கூலி உண்டு:
ஒவ்வொரு நடைக்கும் சர்க்கரை எரித்த சக்தி.

நாலரைக்கு எழுந்து
சிறுநீர் கழிக்கப் போனான்.
இதற்கெல்லாம் சந்தோஷப்படுகிற உத்தியோகம் எனக்கு.
திரும்பி வந்ததும் கிள்ளிப் பார்த்தேன்.
சட்டென்று இறங்கியது.

"ஏழு மணி லோடுக்கு நான் போவணும்."
போகக்கூடாது என்றேன்.
நண்பனைப் பார்த்தான்,
நண்பன் கடிகாரத்தைப் பார்த்தான்.

மேசைமேல் ஒரு பை தக்காளி வைத்துப் போனார்கள்.
அடியில் ஒன்று வெடித்து
நோயாளிப் பதிவேட்டில்
அவன் பெயர்வரைக்கும் ஊறியிருந்தது.