தில்லைப்பாக்கம் துரை

அவர் பெயர் டெல்லன்பாக்.
சிப்பாய்கள் வாயில் நுழையாமல்
தில்லைப்பாக்கம் ஆனது.
பனிமலைச் சீமைக்காரர், இங்கிலீஷ்காரர் இல்லை என்று
பாசறை முழுக்கத் தெரியும்.

சம்பளப் பட்டியலில் அவருக்குத் தனி வரி:
அன்னியர்.
அதன் கீழே சீமைச் சட்டம், பொடி எழுத்தில்.
கேப்டனுக்கு மேலே ஏறக் கூடாது.
கோட்டையைத் தனியாக ஒப்படைக்கக் கூடாது.
நேற்றுக் கப்பலிறங்கிய இங்கிலீஷ் பையனுக்கும்
இவர் உத்தரவு போடக் கூடாது.

நான் அரிசி அளந்து கொடுத்தவன்.
சிறுவயல் பாசறையில், வயிரவன் செட்டியார் கடைக்காக
மூட்டைக்கு ஒரு கோடு ஓலையில் கீறியவன்.
வீரத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்,
எடை கேளுங்கள்.

ஆவணியில் காய்ச்சல்.
கேப்டனைப் புதைக்கத் தோண்டினால்
செம்பூரான் கல்லில் கடப்பாரை மூன்று வளைந்தது.
மிச்சமிருந்த என்சைன் விட்காமுக்கு மீசை அரும்பவில்லை;
கூடாரத்தில் தாயைக் கூப்பிட்டுப் பிதற்றிக் கிடந்தான்.
அந்தியில் தபால் குதிரை வந்தது.
முள்ளிக்குண்டைக் கொளுத்து.
கலகக்காரருக்குக் கேப்பை கொடுத்த ஊர்.

சுபேதார் மீரான் காகிதத்தைத் தில்லைப்பாக்கத்திடம் நீட்டினார்.
வாசித்தார். மடித்தார்.
பெட்டியைத் திறந்து வேறொரு காகிதம் எடுத்தார்,
ஒன்பது வருஷமாக அவர் தலையில் குட்டிய காகிதம்,
மடிப்பெல்லாம் கிழிந்தது.
எழுத்துக் கூட்டும் பிள்ளைபோல
விரல் வைத்து உரக்கப் படித்தார்:
“தனியாகப் படை நடத்த எனக்கு அனுமதியில்லை.”
பிறகு தமிழில், எங்கள் பக்கம் திரும்பாமல்,
“சின்னத் துரை கண் விழிக்கட்டும்.”
சுங்கானில் புகையிலை அடைத்தார்.
சுபேதார் சிரித்தாரா இருமினாரா, தெரியவில்லை.

அன்றிரவு முள்ளிக்குண்டு
மாட்டுக் கழுத்து மணிகளை அவிழ்த்துவிட்டுக்
கண்மாய்க் கரையோடு நடந்துபோயிற்று.
சேதி யார் சொன்னது என்று பின்னால் விசாரித்தார்கள்.
எங்கள் வண்டிக்காரனுக்குப் பெண் கொடுத்த ஊர் அது.
அதை நான் கணக்கில் எழுதவில்லை.

விடிந்தது. பையன் விழித்தான்,
கஞ்சி குடித்தான், உத்தரவு போட்டான்.
தில்லைப்பாக்கம் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.
முதல் பந்தத்தை அவர்தான் பிடித்தார்.
நாற்பத்தொரு கூரை, ஆளில்லை.
அவசரத்தில் மறந்துபோன ஆடு ஒன்று கத்தியது.
கயிற்றை அறுத்துவிட்டார்,
பிறகு அதன் கொட்டிலுக்கும் வைத்தார்.

இரக்கமா? என்னைக் கேட்டால்,
ஒன்பது வருஷம் குட்டு வாங்கியவர்
ஒரே ஒரு ராத்திரி
குட்டுகிற கையைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார்,
அவ்வளவாகவும் இருக்கலாம்.

மாசியில் படை கிளம்பிவிட்டது.
அவர் பேரில் பாக்கி பதினொரு வராகன்.
எந்தக் கட்டில் சேர்ப்பது என்று கேட்டேன்,
கும்பினி பற்றிலா, ஊரார் பற்றிலா?
வயிரவன் செட்டியார் காதைச் சொறிந்தார்.

தனி ஓலை நறுக்கி எழுதி வைத்தேன்.
துளை போட்டேன், கயிறு கோக்கவில்லை.
எலி தின்றதோ, அடுப்புக்குப் போனதோ.
பதினொன்றில் ஒன்று
என் கைக்காசு.